வழிக்கு உதவாத இனிப்பு

தின்பண்டங்களை இரு வகையாகப் பகுக்கலாம். வழிக்கென்று செய்வன ஒரு வகை; வீட்டிலுள்ளோர் உடனே உண்பதற்கென்று செய்வன மற்றொரு வகை. பாய்க்கப்பல்கள் போய்வந்த பழந்துறையாகிய ஊர்காவற்றுறையில் வாழும் நாம் முதல் வகையிலேயே கைதேர்ந்தவர்கள். பனாட்டும் பயற்றம் பணியாரமும் பல நாள் கெடாதிருப்பன. 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த தீவகத்தவருட் பலர் பின்னர் கடல்கடந்து குடியேறினர். அவர்களுக்குப் பொதி கட்டியனுப்புவதே நமது அடுக்களைகளின் பெருந்தொழிலாயிற்று.

இரண்டாம் வகைக்கு ஒரு பண்டம் உண்டு. யப்பானியர் அதனை 'நமா' சொக்லேற் என்பர். 'நமா' என்றால் பச்சை, புதியது என்று பொருள். கடையில் விற்கும் சொக்லேற் பாளத்தில் நீர் மிகச் சிறிதே. ஆதலால் அது மாதக்கணக்கில் இருக்கும். நமாவிலோ, யப்பானிய விதிப்படி, கிறீம் நூற்றுக்குப் பத்துக்கும், நீர் பத்துக்கும் குறையலாகாது. அதன் மென்மைக்கும் குறுகிய ஆயுளுக்கும் அந்த நீரே காரணம்.

செய்முறை எளியது. 200 கிராம் கருஞ்சொக்லேற்றைப் பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் இடவேண்டும். சீனி சேராத கிறீம் 100 மில்லிலீற்றரைச் சிறுதீயிற் சூடாக்கி, ஓரத்திற் குமிழி தோன்றியதும் இறக்கி அதன்மேல் ஊற்றவேண்டும். இரண்டு நிமிடம் தொடாதிருந்து, பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி மெல்லக் கிளறுக. கொழுப்பும் நீரும் ஒன்றிப் பளபளப்பான குழம்பாகும். பிரெஞ்சுக்காரர் 'கனாஷ்' என்பது இதனையே. எண்ணெய் பிரிந்து மிதந்தால் ஒரு தேக்கரண்டி இளஞ்சூடான பால் விட்டுக் கிளறலாம்; பெரும்பாலும் மீண்டும் கூடிவிடும். தாள் விரித்த தட்டத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைக்கவேண்டும். பின்னர், வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியாற் சதுரமாக வெட்டி, அரிதட்டினாற் கொக்கோத்தூளைத் தூவுக.

கிறீம் கிடையாவிடில், நீர் விடாது பிழிந்த முதற்பால் உதவும். கொழுப்பு அதிலும் மிகுதி. ஆயின் கொதிக்கவிட்டால் அது திரைந்துவிடும்.

கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகையில் உருகுவது. நாவில் வைத்ததும் கரைவதன் மருமம் அதுவே. நமது சித்திரை வெயிலும் அந்த அளவை நெருங்குவதால், மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்க இடமில்லை. குளிரில் வைத்தாலும் கிறீமிற் செய்தது நாலு நாள், தேங்காய்ப்பாலிற் செய்தது இரண்டு நாள் என்று கொள்ளலாம். பொதியில் இட்டு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

இதனைக் குறை என்று நாம் எண்ணவில்லை. அனுப்புவதற்கென்றே செய்து பழகிய வீட்டில், நல்ல பணியாரம் பொதிக்குப் போக, உடைந்தது வீட்டாருக்கு என்பது எழுதாத சட்டம். ஊரில் எஞ்சியிருக்கும் பாட்டியும் படிக்கின்ற பிள்ளைகளும் அந்த உடைசலையே தம் பங்காகக் கொள்கின்றனர். தூரத்திலுள்ளோரை நினைப்பது அன்பு. அருகிலுள்ளோரை மறவாதிருப்பதும் அன்பே. ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும், அனுப்ப இயலாத ஓர் இனிப்பைச் செய்து, அதன் முதல் துண்டை வீட்டில் இருப்போர் கையிற் கொடுப்போமாக.