நிலவுவரை போய் வந்தது

வேலை போன விஷயத்தை அப்பாவிடம் மூன்று வாரமாகச் சொல்லவில்லை. பதினோரு வருட சர்வீஸைப் பத்து நிமிட வீடியோ காலில் முடித்துவைத்தார்கள். ஊரில் இருந்தபடியே வேலை பார்த்தவன் என்பதால் நடிப்பது சுலபம். தினமும் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அப்படி ஓர் இரவில்தான் ஏசியாசாட்-3 பற்றிப் படித்தேன்.

1997 டிசம்பர் 25. கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து புரோட்டான் ராக்கெட் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. போகவேண்டிய இடம், பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர். அந்த உயரத்தில் பூமியின் சுழற்சியும் செயற்கைக்கோளின் சுற்றும் ஒரே நேரத்தில் முடியும். கீழிருந்து பார்த்தால் வானத்தில் ஆணியடித்த மாதிரி அசையாமல் நிற்கும். ஆனால் மேலடுக்கு இன்ஜின் இரண்டாம் முறை எரியவேண்டிய நேரத்தில் சட்டென்று அணைந்துவிட்டது. சாய்ந்த நீள்வட்டப் பாதையில் மாட்டிக்கொண்டது. முழு நஷ்டம் என்று காப்பீட்டுக்காரர்கள் கணக்கை முடித்தார்கள்.

அதைக் கட்டிய ஹியூஸ் நிறுவனம் விடவில்லை. கைவசமுள்ள எரிபொருளில் பாதையை நேராகத் திருத்தக் கட்டுப்படியாகாது. அதனால் 1998 மே, ஜூன் மாதங்களில் இரண்டு முறை அதை நிலவுவரை அனுப்பி, நிலவின் ஈர்ப்பை வைத்தே சாய்வைக் குறைத்தார்கள்.

இதோடு நிறுத்தினால் வாட்ஸ்அப் தன்னம்பிக்கைக் கதை. ஆனால் திரும்பி வந்தது பழைய ஏசியாசாட்-3 இல்லை. பெயர் எச்ஜிஎஸ்-1 என்று மாறியது. சுமார் 8 டிகிரி சாய்வு மிஞ்சியதால், ஓரிடத்தில் நிற்காமல் தினமும் வானத்தில் எட்டுப் போட்டது. அதற்கென்று வைத்திருந்த இடத்துக்கு 1999இல் ஏசியாசாட்-3எஸ் போய்விட்டது. எச்ஜிஎஸ்-1 வேறு வேலை பார்த்து, 2002இல் ஓய்வு பெற்றது.

அப்பா தொண்ணூறுகளில் கேபிள் டிவி ஆபரேட்டர். மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி, படம் தெளிந்ததும் போல்ட்டை இறுக்குவார். அந்த 8 டிகிரி என்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும். மறுநாள் காபி குடிக்கும்போது கதையைச் சொன்னேன்.

"சிக்னல் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா ஆடிக்கிட்டே இருக்கும்ப்பா."

"அப்ப போல்ட்ட இறுக்கக் கூடாது. நாமதான் டிஷ்ஷ கூடவே திருப்பிக்கிட்டு இருக்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வேலை போயி எத்தன நாளாச்சுடா?"

"மூணு வாரம்ப்பா."