மும்பை பி.கே.சி: கணவர் அங்கே, மனைவி இங்கே... ஃபைல் யார் கையில்?

சுற்றுலா விசா, படிப்பு விசா என்றால் தமிழ்நாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பது சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில். ஆனால், அமெரிக்காவில் இருக்கும் கணவருடனோ மனைவியுடனோ நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களுக்கு அந்த வரிசை பயன்படாது. குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பையில்தான். திருநெல்வேலியோ திருப்பூரோ, ஃபைலைக் கட்டிக்கொண்டு மும்பைக்குத்தான் வண்டி ஏற வேண்டும்.

இறங்க வேண்டிய இடம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். மும்பைக்காரர்களுக்கு பி.கே.சி. மித்தி ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த பகுதி. இன்று வைரச் சந்தை, தேசிய பங்குச் சந்தை, வங்கிகளின் தலைமையகங்கள் என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அமெரிக்கத் துணைத் தூதரகமும் 2011 நவம்பரில் இங்கே வந்துவிட்டது. அதற்கு முன்பு அது இருந்தது ப்ரீச் கேண்டி கடற்கரையில், வாங்கானேர் மகாராஜாவின் பழைய மாளிகையில்!

காலையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். சட்டை மடிப்பு கலையாமல் அலுவலகம் போகிறவர்கள் ஒரு பக்கம். பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் பலர் கல்யாணமான பெண்கள். புதுப்பெண்கள் என்று சொல்ல முடியாது. விண்ணப்பம் போட்டு இந்த வாசலுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாண மருதாணி அழிந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

ஃபைல் எத்தனை கனமாக இருந்தாலும் கேட்டுக்குள் போவது ஒருவர்தான். விண்ணப்பம் போட்ட கணவர் இந்த நேர்காணலுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. கூட வந்த அப்பாவும் அண்ணனும் வெளியே நிற்க வேண்டியதுதான். செல்போனுக்கும் உள்ளே அனுமதி கிடையாது. கணவர் அனுப்பிய பேப்பரில் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

என் பெரியம்மா மகளுக்கு நேர்காணல் தேதி வந்தபோது நானும் துணைக்குப் போனேன். அக்காவுக்கு ஊர் திருநெல்வேலி. அத்தான் டெக்சாஸில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமகன்.

இரண்டு பட்டியல், ஒரு ஃபைல்

சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு முழு நாள். அந்த ஒரு நாளில் ஃபைல் நாலைந்து முறை பிரிக்கப்பட்டது. பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “பேப்பரெல்லாம் மாப்பிள்ளை பாத்துக்கிடுவாரு. நீ எதுக்கும்மா மண்டைய உடைச்சுக்கிடுத?” என்றார்.

“ஜன்னல்ல போய் நிக்கப்போறது மாப்பிள்ளையா, நானாப்பா?” என்று கேட்டாள் அக்கா.

இந்த வேலையைத் தம்பதிகள் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால், பாதியைச் சட்டமே பிரித்துவிடுகிறது. முதல் படியான ஐ-130 என்ற மனுவை அமெரிக்காவில் இருப்பவர் போட வேண்டும். வருமானவரிக் கணக்கு, சம்பளச் சான்று, 'இவரை நான் பொருளாதார ரீதியாகத் தாங்குவேன்' என்று உறுதி கொடுக்கும் ஐ-864 படிவம் எல்லாம் அவர் பொறுப்பு. பொதுவாக, அமெரிக்க அரசு குடும்ப அளவுக்கு ஏற்ப அறிவிக்கும் வறுமைக்கோட்டைப்போல 125 சதவிகிதமாவது அவருக்கு வருமானம் இருக்க வேண்டும். போதவில்லை என்றால், அமெரிக்காவில் வசிக்கும் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடலாம்.

இங்கே இருப்பவரின் பட்டியல் வேறு. பிறப்புச் சான்றிதழ். பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் வாங்கும் போலீஸ் சான்றிதழ். பதிவு அலுவலகம் தரும் திருமணச் சான்றிதழ். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்கள். மாப்பிள்ளையின் லீவ் முடிந்து விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுகிற குடும்பங்களுக்குப் பிறகு அலைச்சல் மிச்சம். தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனையும் இந்தப் பட்டியலில்தான் வரும்.

அடுத்து, டி.எஸ்-260 என்ற ஆன்லைன் விண்ணப்பம். 16 வயதிலிருந்து நீங்கள் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் அது கேட்கும். பாளையங்கோட்டை காலேஜ் ஹாஸ்டல், வேளச்சேரியில் தோழிகளோடு எடுத்த வீடு, ஆறு மாசம் இருந்த பி.ஜி. எல்லாம் அக்காவுக்கு மட்டுமே தெரிந்த முகவரிகள். கல்யாணமாகி மூன்று வாரத்தில் ஊர் திரும்பிய அத்தானுக்கு அவை எப்படித் தெரியும்? ஆனாலும் பல வீடுகளில் இந்தப் படிவத்தையும் கணவரே நிரப்பி, 'சப்மிட்' கொடுத்துவிடுகிறார். மனைவி ஜெராக்ஸ் கடைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்துகொண்டிருப்பார். மனைவி அங்கே குடியுரிமையோடு இருந்து, கணவர் இங்கே காத்திருக்கும் வீடுகளிலும் இதே கதை திருப்பிப் போட்டு நடக்கும்.

அக்காவும் அத்தானும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். இந்தியாவில் ஞாயிறு காலை, டெக்சாஸில் சனிக்கிழமை இரவு. அந்த ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேப்பர் வேலை மட்டும். அவர் எழுதியதை அக்கா படிப்பாள். அக்கா எழுதியதை அவர் படிப்பார். அப்படிப் படித்ததில்தான் பெயர்க் குழப்பம் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக இருக்கிறது. படிவத்தில் அத்தான் வெறும் இனிஷியலைப் போட்டிருக்கிறார். அனுப்புவதற்கு முன்பே திருத்தினார்கள்.

நம் ஊர் இனிஷியல் அமெரிக்கப் படிவத்துக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று விசாவில் அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்!

மாட்டுங்காவில் ஓர் இரவு

நேர்காணலுக்கு முந்தைய நாள் மாட்டுங்காவில் தங்கினோம். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் ஃபில்டர் காபி வாசனை வரும். பூக்கடையில் தமிழிலேயே விலை கேட்கலாம். அங்கிருந்து பி.கே.சி-க்குப் போகும் வழியில்தான் தாராவி. அதன் 90 அடி சாலையில் கேட்கும் தமிழில் திருநெல்வேலி வாடை இன்னும் போகவில்லை. பிழைப்பு தேடி அந்தக் காலத்தில் ரயிலேறிய குடும்பங்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். “அவங்கல்லாம் எந்த ஃபாரமும் நிரப்பாமத்தான் வந்தாங்க” என்று சிரித்தார் பெரியப்பா.

ராத்திரி லாட்ஜ் கட்டிலில் எல்லாப் பேப்பரும் பரப்பி வைக்கப்பட்டன. ஒரிஜினல் ஒரு கட்டு, நகல் ஒரு கட்டு. கல்யாண போட்டோக்கள், அத்தான் இரண்டாம் முறை வந்துபோன டிக்கெட், சேர்ந்து போன குற்றாலம் போட்டோ. அத்தானின் வரிக் கணக்கை அக்கா தனியாக எடுத்துப் படித்தாள். பெரியப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

உள்ளே நடந்ததை வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். கைரேகை எடுத்தார்கள். வலது கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி கொடுக்கச் சொன்னார்கள். பிறகு கேள்விகள். எப்படி அறிமுகம், கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தார்கள், கணவருக்கு எந்த கம்பெனி, என்ன வேலை, கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை முறை வந்தார். வருமானம் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. சில நிமிடங்கள்தான். “ஒண்ணுக்கும் ஃபைலைப் புரட்டலை” என்றபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதே காலையில் இன்னொரு பெண் கையில் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். 221(ஜி) என்று பெயர். கூடுதல் ஆவணம் கேட்டுத் தருவது, கொடுத்தபிறகுதான் முடிவு. கேட்கப்பட்டது கணவரின் வருமானம் தொடர்பான பேப்பர். “எல்லாம் அனுப்பிட்டேன்னுதானே சொன்னார்...” என்று அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பியது என்ன என்று அவர் பார்த்ததே இல்லை. பார்க்கும் வழியும் அவரிடம் இல்லை. அமெரிக்காவில் அப்போது நள்ளிரவு. அண்ணன் போனை எடுத்து அழைத்துக்கொண்டே இருந்தார்.

பார்க்கும் வழி என்பது இரண்டே எண்கள்தான். மனு ஏற்கப்பட்ட பிறகு, அமெரிக்காவின் தேசிய விசா மையம் கேஸ் நம்பரும் இன்வாய்ஸ் நம்பரும் அனுப்பும். இரண்டும் இருந்தால் விண்ணப்பதாரரும் ஆன்லைனில் நுழைந்து தன் வழக்கைப் பார்க்கலாம். கணவரின் மெயிலுக்கு மட்டும் அது வந்திருந்தால், கேட்டு வாங்கிவிடுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது?

விசாவுக்குப் பிறகும் கையெழுத்து உண்டு

விசா கிடைத்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடக் கூடாது. கல்யாணமாகி 2 ஆண்டுகள் முடிவதற்குள் அமெரிக்காவில் இறங்கினால், கிடைப்பது 2 ஆண்டுக்கான நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் ஐ-751 என்ற மனுவை இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டுப் போட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து கட்டிய வரி என்று சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகளையும் இணைக்க வேண்டும். விவாகரத்தானாலோ, கொடுமைக்கு ஆளானாலோ, தனியாகவே மனு போட சட்டத்தில் இடம் உண்டு. 'நான் கையெழுத்துப் போட்டால்தான் நீ இங்கே இருக்க முடியும்' என்று யாராவது மிரட்டினால், அது முழு உண்மை இல்லை.

ஐ-864 விஷயமும் அப்படித்தான். கணவர் அதில் போட்ட உறுதி, பொதுவாக மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரையோ, ஏறக்குறைய 10 ஆண்டு வேலை பார்த்ததாகக் கணக்கு சேரும் வரையோ செல்லும். விவாகரத்தானாலும் அது ரத்தாகாது. நீதிமன்றம் போய் அதை நிறைவேற்றக் கேட்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அதன் நகல் கையில் இருந்தால், தன் பங்கைப் பற்றிப் பேசும்போது அவர் வெறும் கையோடு நிற்க வேண்டாம். வெளிநாட்டு மாப்பிள்ளை கல்யாணங்களில் பிரச்னை வந்தால் புகார் சொல்ல, தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவே இயங்குகிறது.

நல்லபடியாக வாழும் தம்பதிகளுக்கு இதெல்லாம் தேவைப்படாமல் போகலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால், மனைவி அலைவதும் கணவர் நிரப்புவதும் மட்டும் பங்கீடு ஆகிவிடாது. இருவரும் முழு ஃபைலையும் படித்திருக்க வேண்டும். இருவரிடமும் முழு நகல் இருக்க வேண்டும்.

மும்பைக்கு டிக்கெட் போடப் போகிறீர்களா? அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்காருங்கள். ஐ-130, ஐ-864, டி.எஸ்-260 மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சேர்ந்து படியுங்கள். மூன்றுக்கும் ஒரு நகல் எடுத்து அம்மா வீட்டு பீரோவில் வையுங்கள். இன்னொன்றை உங்கள் சொந்த மெயிலுக்கு, நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்.