கல் வீடும் புற்றுமண்ணும்

வீட்டைப் பிரிந்திருக்கும் துயரம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. 1323-ஆம் ஆண்டில் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, அழகிய மணவாளனின் உற்சவத் திருமேனியை எழுந்தருளச் செய்துகொண்டு அடியார்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பல ஊர்களில் தங்கிய பெருமாள் 1371-இல்தான் தம் கோயிலுக்குத் திரும்பினார்; இடையில் 48 ஆண்டுகள். தில்லைக் கூத்தப்பிரானும் 1648-இல் பொன்னம்பலம் நீங்கி, குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்து, 1686-இல் மீண்டார். இந்த வரலாறுகளை நான் தேடிப் படித்ததற்குக் காரணம், நாங்கள் இழந்த ஒரு வீடு.

சங்கரன்கோவிலில், கோயிலுக்கு அருகே என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு அது. கல்தூண்கள் தாங்கிய திண்ணை. கருங்கல் பாவிய முற்றம். நான்கு தலைமுறையினரின் பாதங்கள் பட்டு நடுவில் தேய்ந்த கல்வாசற்படி. சித்திரை வெயிலிலும் அந்தத் தரை குளிர்ந்திருக்கும். ஆடித்தபசுக் காலத்தில், 108 சுற்று என்று நேர்ந்துகொண்டு கோயிலை வலம் வந்து களைத்த வெளியூர் அன்பர்கள் எங்கள் திண்ணையில் அமர்ந்து நீர்மோர் அருந்துவார்கள். அவர்களிடம் ஊரைக் கேட்போம், வேறெதுவும் கேட்பதில்லை.

வங்கிப் பணியில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றம் வரும். எந்த ஊரில் இருந்தாலும் படிவங்களில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் அந்த வீட்டின் கதவிலக்கத்தையே எழுதிவந்தேன். தந்தையார் மறைந்தபின், பங்காளிகள் ஆறு பேருக்கும் பாகம் பிரிக்க, விற்பதைத் தவிர வழியில்லாமற்போயிற்று. மதிப்பீட்டாளர் மனைக்கு விலை போட்டார். கட்டடத்துக்கு எதுவும் போடவில்லை. கடனுக்காக வரும் மதிப்பீட்டு அறிக்கைகளைப் பல ஆண்டுகள் படித்தவன் நான். கணக்கு சரிதான் என்று அறிவு சொல்லிற்று, நெஞ்சு ஏற்கவில்லை.

அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். ஐந்தாவது மாடி, மண்ணும் தெரியாது, கோபுரமும் தெரியாது. விளக்கு வைக்கும் நேரமானால், "மாடத்துல விளக்கு பொருத்தியாச்சாப்பா?" என்று கேட்பார். "ஆச்சும்மா" என்பேன். பூஜை அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர் தம் கையில் வைத்திருந்தது ஒரு சிறிய வெள்ளிச் சம்புடம். அதில் கோமதியம்மன் கோயிலின் புற்றுமண். நாள்தோறும் அதில் ஒரு துளி நெற்றியில் இட்டுக்கொள்வார். "ஒரு தடவை ஊருக்குப் போய் வரலாமா?" என்று இரண்டு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவர், 87-ஆம் வயதில் அந்தப் புற்றுமண் நெற்றியோடு அம்பாள் திருவடி சேர்ந்தார்.

அவரை ஊருக்கு அழைத்துச் செல்ல உடல்நிலை இடங்கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எழும்போதெல்லாம் பிள்ளை லோகாசாரியரை நினைத்துக்கொள்வேன். தள்ளாத வயதில் அரங்கனுடன் புறப்பட்ட அந்த மகான், மதுரைக்கு அருகே, இன்று கொடிக்குளம் எனப்படும் ஜோதிஷ்குடியில் பரமபதம் அடைந்தார். திருவரங்கத்தை அவர் மறுபடி காணவில்லை. ஆனால் அரங்கனைப் பிரிந்தார் என்று யாரேனும் சொல்வார்களா? அம்மாவும் வீட்டைத்தான் பிரிந்தார், கோமதியைப் பிரியவில்லை.

அரங்கன் திரும்பி வந்த வேளையைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. 48 ஆண்டுகள் கழிந்தமையால், வந்திருப்பவர் பழைய பெருமாள்தாமா என்று ஊராருக்கு ஐயம் எழுந்ததாம். கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமஞ்சன ஆடையைப் பிழிந்த நீரைப் பருகி, "இவரே நம்பெருமாள்" என்றாராம். அந்தத் திருநாமமே இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஊர் மறந்ததை ஒரு முதியவரின் நினைவு காத்து வைத்திருந்தது.

ஆகவே, பிறந்த வீட்டையும் வாழ்ந்த வீட்டையும் விட்டுப் பிள்ளைகளோடு வெளியூரில் வாழும் பெரியவர்களே, உங்கள் ஏக்கத்தை வீண் என்று எண்ண வேண்டாம். வாசல் எந்தத் திசை பார்த்தது, விளக்கு எந்த மாடத்தில் எரிந்தது, திண்ணையில் யார் யார் இளைப்பாறினார்கள் என்பதைப் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கல்லுக்கு விலை போடாதவர்கள் இருக்கலாம். அந்த வீட்டில் நாம் கற்ற பக்தி அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டும். சங்கரநாராயணர் அதற்குத் துணையிருப்பாராக.