ஒரே ஓசை, இரு பொருள்



உம்ராவுக்காகச் சென்னையிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட வேளை. விமானப் பணிப்பெண் மஞ்சள் நிற முகமூடியை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். நாம் தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தோம். பக்கத்து இருக்கையிலிருந்த முதிய தாயார், "ஹஜ்ரத், அதை முதல்ல நாமதான் போட்டுக்கணுமாமே, பிள்ளைக்கில்ல முதல்ல போடணும்?" என்று கேட்டார். விடை அறியாத நாம், "அதெல்லாம் தேவைப்படாதும்மா, துஆ ஓதிக்குங்க" என்று கூறிவிட்டோம்.

அந்தப் பதில் ஊர் திரும்பிய பின்னும் உறுத்தியது. தேடிப் படித்தோம். 34,000 அடி உயரத்தில் விமான அறையின் காற்றழுத்தம் முற்றிலும் போய்விட்டால், மனிதனுக்குத் தெளிந்த அறிவு எஞ்சுவது ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோதான். பிள்ளைக்கு மாட்ட முனையும் தாய் பாதியிலேயே மயங்கினால் இருவருக்கும் உதவியில்லை. விமானிகளுக்கும் முதல் விதி அதுவே: தம் முகமூடியை அணிந்துகொண்டு, பிறகே மற்றதைப் பார்த்து, 10,000 அடிக்கு இறங்க வேண்டும்.

அத்தேடலில்தான் ஹீலியோஸ் நிறுவனத்தின் 522 ஆம் விமானத்தைப் பற்றி அறிந்தோம். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராகு நோக்கிப் புறப்பட்ட போயிங் 737 அது. முந்தைய பயணத்தில் பின்கதவருகே ஓசை கேட்டதாகப் பணியாளர் தெரிவித்திருந்ததால், பொறியாளர்கள் இரவில் அழுத்தச் சோதனை செய்தனர். அதற்காகத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்குத் திருப்பப்பட்ட திருகி, அப்படியே விடப்பட்டது. புறப்படுமுன்னும் மேலெழும்பிய பின்னும் விமானிகள் தம் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்தனர். ஒவ்வொரு முறையும் அத்திருகி அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது.

ஏறத்தாழ 12,000 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. அவ்வகை விமானத்தில் அதே ஓசைக்கு இரண்டு பொருள். தரையில் ஒலித்தால், மேலெழும்புவதற்கான அமைப்பில் பிழை. வானில் ஒலித்தால், அறைக்குள் அழுத்தக் குறைவு. விமானி முதற்பொருளையே கொண்டார். தரையிலிருந்த பொறியாளர் அத்திருகி தானியங்கி நிலையில் உள்ளதா என்றே வானொலியில் கேட்டார்; விமானியோ வேறொரு கருவியின் மின்தடுப்பான் எங்குள்ளது என்று திருப்பிக் கேட்டார். பிராணவாயு மெல்லக் குறையும்போது வலியில்லை. தான் சரியாகவே இருப்பதாக எண்ணியபடியே அறிவு மங்குகிறது. விமானம் தானே 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் அருகே வட்டமிட்டது. கிரேக்கப் போர்விமானிகள் அருகில் பறந்து பார்த்தபோது துணை விமானி சரிந்து கிடந்தார். இறுதியில் பணியாளர் ஒருவர், கையடக்கப் பிராணவாயுக் கலத்தின் உதவியால் விழித்திருந்தவர், விமானி அறைக்குள் நுழைந்தார். அதற்குள் எரிபொருள் தீரத் தொடங்கிவிட்டது. கிரமத்திகோ அருகே மலைச்சரிவில் விமானம் வீழ்ந்தது. 121 பேரில் எவரும் மீளவில்லை.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் விமானமன்று, நம் ஹிஃப்ழு வகுப்பு.

அல்பகரா அத்தியாயத்தின் 48 ஆம் வசனமும் 123 ஆம் வசனமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும். ஷஃபாஅத்து, அத்லு என்னும் சொற்கள் இரண்டிலும் முறை மாறி வரும். நம் மாணவன் ஒருவன் முன்னதைப் பின்னதன் முறையிலேயே மாதக்கணக்கில் ஓதிவந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் எதிரே அமர்ந்து கேட்டவர் நாம். பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டவரும் நாம். வெளியூரிலிருந்து தேர்வுக்கு வந்த ஆலிம்தான் பிழையைப் பிடித்தார். அன்று நாம் என்ன செய்தோம்? பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். "ஹஜ்ரத், நீங்கதானே கேட்டீங்க" என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்மிடம் விடை இருந்திராது. குர்ஆனைக் காதால் கேட்டுக் காப்பது அமானிதம் என்று பிறருக்கு எத்தனையோ முறை உரைத்தவர் நாம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவனை அழைத்து, பதிவேட்டைத் திறந்து நம் கையொப்பங்களைக் காட்டினோம். பிழை நம்முடையது என்றோம்; மன்னிப்பும் கேட்டோம். பையன் என்ன சொல்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு முஸ்ஹஃபை நம்மிடம் தந்துவிட்டு அமர்ந்து ஓதத் தொடங்கினான். இம்முறை நாம் கண்ணை எழுத்திலேயே வைத்திருந்தோம். 48 ஆம் வசனத்தில் நாக்கு பழைய தடத்திலேயே சென்றது. நிறுத்தினோம். மீண்டும் ஓதினான். பழகிய பிழை நாவிலிருந்து நீங்க மூன்று வாரங்கள் ஆயின.