மறுபடியும் அதே போர்டா?

 பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள்.

நம் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி, வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எட்டு மாதமாக அவளுக்கு ஒரே வேலைதான்: ட்ரோனைத் தானாகப் பறக்கவைக்கும் ஆட்டோபைலட் சர்க்யூட் போர்டைத் திரும்ப வடிவமைப்பது. “பறந்துகிட்டு இருக்கிறதைப் பிரிச்சுப் போட்டு அதையே மறுபடி செய்யறது ஒரு வேலையா? கடையில விக்கிற போர்டை வாங்கி மாட்டினா ஆகாதா?” என்று வீட்டில் கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். அவள் சார்பில் நான் பதில் எழுதுகிறேன்.

அந்தப் போர்டு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். திரும்புவதை உணரும் கைரோ, முடுக்கமானி, காற்றழுத்தமானி, திசைகாட்டி, இவை சொல்வதைக் கேட்டு மோட்டார்களுக்கு உத்தரவு போடும் ஒரு சின்னக் கணினி எல்லாம் அதில் இருக்கின்றன. நான்கு விசிறி ட்ரோன் தானாக நிலைத்து நிற்கக்கூடிய பொருள் அல்ல. விநாடிக்குப் பல முறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். திருத்தம் நின்றால் கவிழ்ந்துவிடும்.

இந்தப் போர்டுகளின் வரலாறே திரும்பத் திரும்ப வடிவமைத்த வரலாறுதான். ஜோர்டி முன்யோஸ் என்ற மெக்சிகோ இளைஞர் அமெரிக்காவில் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த நாட்களில், நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியிலிருந்த உணரியையும் ஓர் ஆர்டுயினோ போர்டையும் வைத்துப் பொம்மை ஹெலிகாப்டரைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். பின்னர் கிறிஸ் ஆண்டர்சனோடு சேர்ந்து 2009இல் நிறுவனமே தொடங்கினார். அந்த வழியில் வந்த ஏபிஎம் போர்டில் 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 8 கிலோபைட் நினைவகமும் கொண்ட 8 பிட் சில்லுதான் இருந்தது. விநாடிக்கு 100 முறை திருத்தும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள ஈடிஎச்சில் மாணவராக இருந்த லோரன்ஸ் மையர் 2008இல் தொடங்கிய பிக்ஸ்ஹாக் திட்டம், 2013இல் 168 மெகாஹெர்ட்ஸ் சில்லு கொண்ட போர்டாக வெளிவந்தது. அதில் விநாடிக்கு 400 திருத்தங்கள் செய்ய முடிந்தது. இன்னொன்றும் செய்தார்கள். மோட்டார்களுக்கு உத்தரவு அனுப்பத் தனியாக ஒரு சிறிய சில்லு வைத்தார்கள். பெரிய கணினி உறைந்துபோனாலும், இறக்கை வைத்த விமானமாக இருந்தால் ரிமோட் வைத்திருப்பவர் கையால் ஓட்டி இறக்கிவிட வழி இருக்கவேண்டும் என்பதற்காக.

சரி, நம் ஊர் வயலுக்கு வருவோம். சென்ற ஆண்டு இவர்களுடைய பழைய போர்டு மாட்டிய ட்ரோன் ஒன்று, ஓரிடத்தில் நிற்கவேண்டியது, வட்டமடிக்க ஆரம்பித்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய் வரப்பில் மோதி விழுந்தது. மருந்தோடு சேர்த்து ஏறக்குறைய 25 கிலோ. இருபதடி தள்ளிப் பக்கத்து வயலில் இரண்டு பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அந்த இருபதடியை நினைத்து அவள் பல நாள் தூங்கவில்லை என்றாள்.

காரணம் என்ன தெரியுமா? பத்தாம் வகுப்பில் நாம் செய்த சோதனைதான். மின்னோட்டம் செல்லும் கம்பியருகே காந்த ஊசியை வைத்தால் விலகும். 1820இல் எர்ஸ்டெட் கண்டது. கணக்குப் போடுங்கள்: 100 ஆம்பியர் செல்லும் தனிக் கம்பியிலிருந்து 10 சென்டிமீட்டரில் காந்தப்புலம் 200 மைக்ரோடெஸ்லா. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40தான். பூமியைவிட ஐந்து மடங்கு உரக்கக் கத்துகிற கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியை உட்காரவைத்தால் அது வடக்கு எது என்று எப்படிச் சொல்லும்? வடக்கு தவறினால், ‘இடப்பக்கம் நகர்’ என்ற உத்தரவு வேறு பக்கம் போகும். அதைத் திருத்தப் போய் அடுத்ததும் தவறும். அதுதான் அந்த வட்டம்.

புதிய வடிவத்தில் திசைகாட்டியைப் போர்டிலிருந்து எடுத்து, ஜிபிஎஸ்ஸோடு ஒரு குச்சியின் உச்சியில் வைத்துவிட்டார்கள். பேட்டரியின் போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சடைபோல முறுக்கிவிட்டார்கள். எதிரெதிர் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

காற்றழுத்தமானியையும் சொல்கிறேன். தரைக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் குறைவது 12 பாஸ்கல் அளவுதான். மொத்த அழுத்தத்தில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. விசிறிக் காற்று பட்டாலே அந்த அளவு மாறிவிடும். சில உணரிகளுக்கு வெயில் வெளிச்சம் பட்டாலும் கணக்குத் தவறும். அதற்கு மருந்து, மேலே ஒட்டும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். கைரோவுக்கோ வெப்பம் ஏறி இறங்கினால் அளவு நகரும். அதனால் போர்டிலேயே சிறு சூடேற்றி வைத்து, கோழி அடைகாப்பதுபோல ஒரே வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். கைரோ இரண்டு வைத்து இரண்டும் முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று வைத்தால் பஞ்சாயத்துக்கு ஆள் உண்டு.

“எல்லாம் சரி, ஒருமுறை செய்தால் போதாதா?” என்றால், போதாது. பல போர்டுகளின் உயிராக இருந்த எம்பியு-6000 என்ற கைரோ உணரியின் தயாரிப்பே நின்றுவிட்டது. அதற்கு 24 கால்கள். அதன் இடத்தில் பலரும் எடுத்துக்கொண்ட ஐசிஎம்-42688க்கு 14தான். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வைக்க முடியாது. 2021 சில்லுத் தட்டுப்பாட்டில் கிடைத்த சில்லுக்கு ஏற்றபடி போர்டை மாற்றியவர்கள் உலகெங்கும் உண்டு. 2022 பிப்ரவரியில் ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகள் தவிர முழு ட்ரோன்களின் இறக்குமதியை நம் அரசு தடைசெய்தது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே கடையில் போர்டு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை வடிவமைத்தவருக்கு நம் ட்ரோனில் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது, நம் வயலில் யார் குனிந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இந்த வேலை நன்றாக முடிந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ட்ரோன் போகும், மருந்து தெளிக்கும், திரும்பி வரும். எதுவும் நடக்காமல் இருப்பதற்காக உழைப்பவர்களுக்கு மாலை போட யாரும் வருவதில்லை. அதனால்தான் அவள் வீட்டாருக்கும் சேர்த்தே இதை எழுதினேன்.

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிக்ஸ்ஹாக் போர்டின் மின்சுற்று வரைபடத்தை யாரும் பார்க்கலாம், இலவசம். ஒருநாள் எடுத்து விரித்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் புரியாது. ஒரு மின்தடையம், ஒரு மின்தேக்கி என்று தேடுங்கள். அது அங்கே ஏன் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். இருவரும் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்