கடல் கடந்தும் தன்மானம்

"இதைக் கட்டியவன் தமிழன்!"

கம்போடிய நாட்டு அங்கோர் வாட் கோயிலின் அகழியைக் கடந்து நின்றபோது, எங்களுடன் வந்த தோழர் ஆங்கிலத்தில் எழுப்பிய முழக்கம் இது. கதிரவன் எழும் நேரம். ஐந்து கோபுரங்களும் மையால் தீட்டிய ஓவியமென வானில் நின்றன. கண்டோம், களித்தோம், அருகே நின்ற கெமர் இளைஞரை மறந்தோம்! எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அவர். சினக்கவில்லை, சிரிக்கவுமில்லை. "எங்கள் முன்னோர் கட்டினர் என்று பள்ளியிலே படித்தேன்" என்றார், மெல்லிய குரலில்.

மூன்று ஆசிரியர்கள், ஈராண்டு சேமித்த பணத்தில், கோடை விடுமுறையில் மேற்கொண்ட பயணம். கண்ட காட்சிகளையெல்லாம் கூறினால் ஏடு கொள்ளாது. எனினும், ஊர் திரும்பிய பின்னும் எம் நெஞ்சைக் குடைவது அந்த மெல்லிய குரல்தான்.

உண்மை என்ன? அங்கோர் வாட்டை 12ஆம் நூற்றாண்டிலே எழுப்பியவன் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். கல் சுமந்தவர், சிற்பம் செதுக்கியவர், களைத்து வீழ்ந்தவர் அந்த மண்ணின் மக்கள். பல்லவர் கால எழுத்து கடல் கடந்து அங்கே சென்றது. கெமர் எழுத்து அதிலிருந்து கிளைத்தது. இதுவும் உண்மையே! ஆனால், அந்த எழுத்தைக் கொண்டு அவர்கள் எழுதியது தங்கள் மொழியை. 611ஆம் ஆண்டிலேயே கெமர் மொழியில் கல்வெட்டுப் பொறித்தனர். எழுத்தாணி தந்தவன், எழுதிய ஏட்டையும் எனதென்று கேட்பது முறையா?

1923இல் ஆந்திரே மால்ரோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், அங்கோருக்கு அண்மையிலுள்ள பந்தியாய் ஸ்ரீ கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் பிடிபட்டார். பிற்காலத்தில் பிரான்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சரானவரும் அவரே! நம் சிறீபுரந்தானிலிருந்து களவு போன நடராசர் சிலை, ஆஸ்திரேலியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் மீண்டபோது எவ்வளவு கொதித்தோம்! சிலையைத் திருடுவது குற்றம். ஓர் இனத்தின் உழைப்பை வாய்ச்சொல்லால் திருடுவது மட்டும் பெருமையோ? ஆதாரம் கேட்பது பகுத்தறிவு. அந்தக் கேள்வியைப் பிறரிடம் மட்டுமே கேட்போம், நம்மிடம் கேட்கமாட்டோம் என்றால், அதற்குப் பெயர் பகுத்தறிவல்ல, பகட்டு!

அடுத்து எழுந்தது உடைச் சிக்கல். உச்சித் தளத்திற்குச் செல்லும் செங்குத்துப் படிக்கட்டின் கீழே, காவலர் தடுத்தார். தோழர் அணிந்திருந்தது அரைக்காற்சட்டை, தலையிலே தொப்பி. முழங்காலை மூடவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும் என்றார் காவலர். தோழர் சீறினார்: "மேலாடையைக் கழற்று என்ற கோயிலுக்குள், ஊரிலேயே கால் வைக்க மறுத்தவன் நான். கடல் கடந்து வந்து கல்லுக்குப் பணிவதா?"

கூரிய கேள்விதான். படிக்கட்டின் அடியிலேயே வாதம் மூண்டது. 1924இல் பெரியார் வைக்கத்திலே சிறை புகுந்தது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில், பிறப்பைக் காட்டி மனிதனை நடக்கவிடாது தடுத்தனரே, அதற்காக! இங்கே காவலர் எவர் பிறப்பைக் கேட்டார்? வெள்ளையருக்கும் அதே விதி, சீனருக்கும் அதே விதி, நமக்கும் அதே விதி. பிறப்பைக் கேட்டு மறிப்பது அடக்குமுறை. எல்லோர்க்கும் ஒன்றாய், எவர் மானத்தையும் குறைக்காமல் இருப்பது மரியாதை. அங்கே வழிபடும் புத்தத் துறவியின் நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. அவர் இல்லத்தில் நாம் விருந்தினர் என்பதை ஏற்றோம். தோழர் பையிலிருந்த வேட்டியை எடுத்து இடுப்பில் சுற்றினார். காவலர் வழிவிட்டார்.

வெயில் வாட்டியது. விடுதிக்குத் திரும்பி நாளுக்கு மூன்று முறை குளித்தோம்; விரிப்பையும் துண்டையும் நாள்தோறும் துவைக்கக் கொடுத்தோம். வழிகாட்டியிடமிருந்துதான் அறிந்தோம்: அக்கோயில்கள் மணற்பாங்கான நிலத்தின்மீது நிற்பவை, நிலத்தடி நீரே அந்த மணலை இறுக்கிப் பிடித்திருப்பது. சியெம் ரீப் நகரத்து விடுதிகள் வரம்பின்றி நீரை உறிஞ்சினால் அடித்தளம் தளரும் என வல்லுநர்கள் எச்சரித்துள்ளனர். கோபுரத்தைப் புகழ்ந்தபடியே அதன் வேரைக் குடித்துக்கொண்டிருந்தோம்! அன்றே துவைப்பை நிறுத்தச் சொன்னோம், குளியலைக் குறைத்தோம். 2016இல், பயணியரைச் சுமந்த யானையொன்று அங்கே கடும் வெப்பத்தில் வீழ்ந்து மாண்டது. 2020இல் அங்கோரில் யானைச் சவாரி நின்றது. ஏறுவதற்கு ஆள் இருந்தவரை யானைக்கு ஓய்வில்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கும்வரை எதற்கும் ஓய்வில்லை.

இதை எழுதும்போது அந்தச் சிறுமியின் முகம் முன்னே நிற்கிறது. எட்டு வயதிருக்கும். கையிலே அஞ்சலட்டைகள். ஒன்று முதல் பத்துவரை ஆங்கிலத்தில் எண்ணிக் காட்டி, "ஒரு டாலர்" என்றாள். என்ன கூர்மை! வகுப்பறையில் இப்படியொரு மாணவி கிடைக்கமாட்டாளா என ஏங்கினோம். வாங்கினோம், மிட்டாயும் கொடுத்தோம், நெஞ்சு நிறைந்தது. மாலையில் திரும்பியபோதும் அதே இடத்தில் அவள் நின்றாள்! காலையிலும் பள்ளியில்லை, மாலையிலும் பள்ளியில்லை.

அங்கோரைப் பேணும் அப்சரா அமைப்பு 2015இல் வெளியிட்ட நடத்தை விதிகளை வழிகாட்டி அப்போது காட்டினார். பிள்ளைகளிடம் பொருள் வாங்குவதும், பணமோ மிட்டாயோ கொடுப்பதும், அவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கி இரக்கச் செய்யும் என்கிறது அவ்விதி. படித்தோம், தலை குனிந்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாதிருக்க ஒரு டாலர் கூலி கொடுத்தோம்!

மறுநாள் ஒருவர், அனாதை இல்லம் காட்டுவதாக அழைத்தார். அத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடு உண்டு. வருவோரின் இரக்கமே அங்கு முதலீடு! நம் வகுப்பறைக்குள் வெளிநாட்டார் புகுந்து, நம் பிள்ளைகளைப் படம்பிடித்து, மிட்டாய் வீசிச் சென்றால் பொறுப்போமா? மறுத்துவிட்டோம்.

உதவ வழியே இல்லையா? உண்டு. 2017இல் ஒருநாள் நுழைவுக் கட்டணம் 37 டாலராக உயர்ந்தபோது, அதில் 2 டாலர், பிள்ளைகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கும் காந்தா போபா மருத்துவமனைக்கென ஒதுக்கப்பட்டது. கைவினைஞரிடம், வளர்ந்தவரிடம், உரிய விலைக்கு வாங்கலாம். உள்ளூர் வழிகாட்டிக்கு நியாயமான கூலி தரலாம். பிச்சை பெறுபவனாக்காது, உழைப்பவனாக மதிக்கும் வழிகள் இவை.

விடைபெறும் நாளில், முழக்கமிட்ட தோழரே வழிகாட்டியின் கையைப் பற்றினார். "உங்கள் முன்னோர் கட்டியதைக் காட்டினீர்கள். நன்றி என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். "ஒர்குன்" என்றார் அவர். மூவரும் சொன்னோம், பிழையோடு. முதன்முறையாக அந்த இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார்.

தோழர்களே! உலகைக் காணச் செல்லுங்கள். கிணற்றுத் தவளைகளாய் வாழப் பிறந்தவரல்லர் நாம். செல்லும்போது தன்மானத்தை உடன் கொண்டு செல்லுங்கள். ஆனால் அது நமக்கு மட்டுமே உரிய உடைமையன்று. எதிரே நிற்கும் மனிதனுக்கும் உண்டு. அஞ்சலட்டை விற்கும் அந்தச் சிறுமிக்கும் உண்டு!