ஒரு சாண் ஆழம்

மெட்டல் டிடெக்டரும் கையுமாகத் திரிகிறவனிடம் சொந்தக்காரர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தால், நலம் விசாரித்த கையோடு, "ஏன்டா, தங்கம் கிங்கம் ஏதாச்சும் ஆப்ட்டுச்சா?" என்பார். புதிதாகக் கருவி வாங்கியவர்களின் கவலை வேறு: "எங்கே போய் ஆரம்பிக்கிறது?" நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில். இங்கே இது ஊருக்கு ஊர் சங்கம் வைத்து நடக்கும் பொழுதுபோக்கு. வயலும் பக்கம், கடலும் பக்கம். ஆனாலும் எடுத்த எடுப்பில் நான் எந்த ஊர்ப் பெயரையும் சொல்வதில்லை. நீங்கள் தோண்டும் குழி எதையும் கெடுக்காத இடத்தில் தொடங்குங்கள் என்பேன்.

மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருள் எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று காலம் காட்டியது நமக்குத் தெரியும். அந்த ஆழத்தை யாரும் குறித்து வைக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலக்கணக்கை எதனோடும் பொருத்த முடியாது. டிடெக்டர்காரன் போடும் ஒவ்வொரு குழியும் அப்படிப்பட்ட கணக்கை அழிக்கக்கூடியது. ஆகவே, கணக்கு ஏற்கெனவே கலைந்துபோன மண்ணில்தான் கை பழக வேண்டும்.

முதல் இடம் சொந்த வீட்டுக் கொல்லை. ஒரு நாணயம், துருப்பிடித்த ஆணி, சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாள், சோடா கேனின் வளையம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் புதைத்து, ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். வாசல் பெருக்கும் விளக்குமாறு போல, கருவியின் அடியிலுள்ள வட்டமான கம்பிச்சுருள், அதாவது காயில், தரையை விட்டு எழும்பாமல் போய்வர வேண்டும். புதியவர்கள் வீச்சின் இரு முனையிலும் கையைத் தூக்கிவிடுவார்கள். நாணயம் போன்ற சிறிய பொருளைக் கருவி நிச்சயமாகச் சொல்வது ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரைதான். அதில் நான்கு விரல் காற்றிலேயே போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

கருவிக்கு உலோகத்தின் விலை தெரியாது. காயிலில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அதன் எதிர்வினையைக் கருவி ஒலியாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. பொருள் எவ்வளவு மின்சாரம் கடத்தும், எவ்வளவு பெரிது, என்ன வடிவம் என்பதைப் பொறுத்தது அந்த எண். மெல்லிய தங்க மோதிரமும் சோடா கேன் வளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவைத்தால் மோதிரத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். ஆகவே தொடக்கத்தில் எல்லாவற்றையும் தோண்டிப் பார்ப்பதே பாடம். குப்பையைப் போட ஒரு பை கூடவே இருக்கட்டும்.

இரண்டாவது இடம் கடற்கரை, அதிலும் காய்ந்த மணல். காற்றும் காலடியும் ஓயாமல் புரட்டிப்போடும் மணலில் காலவரிசை என்று எதுவும் மிஞ்சாது. கென்ட் கரையில் மார்கேட் போலக் கோடையில் ஜனம் குவியும் ஊர்களில் துண்டு விரித்துப் படுக்கும் வரிசை, படிக்கட்டின் அடி, ஐஸ்கிரீம் கடையின் முன்புறம் ஆகியவை நல்ல இடங்கள். சிக்னல் கேட்டதும் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே ஒலி வந்தால் துளையிட்ட கரண்டியான ஸ்கூப்பை இறக்கலாம். மணல் துளைகள் வழியே வடிந்தபின் அடியில் நிற்பது பெரும்பாலும் பென்னிதான். 1992க்குப் பிறகு வந்த 1, 2 பென்னிகள் செப்பு முலாம் பூசிய எஃகு. உப்பில் துருவேறி, மணலைப் பற்றிக்கொண்டு உருண்டையாகிவிடும். எப்போதாவது மெலிதாக, கன்னங்கரேலென்று ஒரு வட்டம் வரும். விரலால் தேய்த்தால் மன்னரின் தலை தெரியும்: ஆறு பென்ஸ். உடனே ஆண்டைத்தான் தேடுவேன். 1920க்கு முந்தையது என்றால் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி. 1947லிருந்து வெள்ளியே கிடையாது.

ஈர மணலில் அவசரப்பட்டு இறங்க வேண்டாம். உப்புநீர் ஊறிய மணலே மின்சாரம் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவி ஓயாமல் கத்தும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி இருந்தால்தான் அங்கே காது பிழைக்கும்.

கடற்கரை என்பதால் கேட்பாரில்லை என்று அர்த்தமல்ல. அலை ஏறி இறங்கும் கரையில் ஏறத்தாழ பாதி அரச நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். அவர்களுடைய விதிகளுக்கு உட்பட்டுப் பொழுதுபோக்காகத் தேட அனுமதி உண்டு. மற்ற இடங்களில் நகராட்சியையோ உரிமையாளரையோ கேட்க வேண்டும். லண்டன் தேம்ஸ் கரையில் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தேடவே கூடாது. நேற்று யாரோ தொலைத்த மோதிரம் உங்கள் கையில் கிடைத்தாலும் அது அவருடையதுதான். உரியவரிடம் சேர்க்க முயலாமல் வைத்துக்கொண்டால் திருட்டு வழக்கு வரும். துருப்பிடித்த வெடிகுண்டு போல எது தெரிந்தாலும் தொடாமல் விலகி 999க்குப் போன் செய்யுங்கள். உலகப்போர் கால மிச்சங்கள் இந்தக் கரைகளில் இன்னும் வருகின்றன.

மூன்றாவது இடம், உழவோட்டிய வயல். இதற்குத் தனியாகப் போகாமல் ஒரு சங்கத்தில் சேருவது நல்லது. விவசாயிக்கு முன்பின் தெரியாதவரைவிடச் சங்கத்தின் மேல் நம்பிக்கை அதிகம். தேசிய மெட்டல் டிடெக்டிங் கவுன்சிலில் உறுப்பினரானால் பொதுப்பொறுப்புக் காப்பீடும் கிடைக்கிறது. நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குத்தகைக்காரர் இருந்தால் அவரிடமும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்றால் நிலத்துக்காரர் தலையாட்டினாலும் செல்லாது. அரசு அனுமதி இல்லாமல் அங்கே டிடெக்டரை எடுப்பதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வயலில் டிராக்டர் கலப்பை ஆண்டாண்டாக மேல்மண்ணை ஒரு சாண், ஒன்றரைச் சாண் வரை புரட்டியிருக்கும். அந்த மண்ணில் கிடைக்கும் ஈயக்குண்டையும் பெல்ட் கொக்கியையும் ரோமச் செப்புக்காசையும் எடுக்கலாம். இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் காட்டினால், அந்தச் சின்னக் காசும் அந்த வயலின் சரித்திரத்தில் ஏறிவிடும். ஆனால் கொழு எட்டாத மண்ணில், நிறம் மாறும் இடத்தில், கை நிற்க வேண்டும். உழாத புல்வெளி இன்னும் கடினம். கலையாத அடுக்கு அங்கே மேலேயே தொடங்கிவிடலாம். புதியவர்கள் அங்கே போகாமலிருப்பதே மேல்.

தோண்டுவதை நிறுத்துவதற்கு எங்களில் எல்லோரும் சொல்லும் உதாரணம் எரிக் லாஸ். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் கிராமத்தில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர். கருவியில் கேட்டது ரோமர் காலப் புதையல். கொஞ்சம் எடுத்தவர், மீதியைத் தொடாமல் விட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து பார்த்தபோது ஏறத்தாழ 15,000 காசுகளோடு, பொருள்கள் மரப்பெட்டியில் அடுக்கப்பட்டிருந்த விதமும் தெரிந்தது. அவருக்கு வெகுமதியாக வந்தது 17.5 லட்சம் பவுண்ட். அதை நிலத்தின் விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் மாவட்ட மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2010இல் கம்ப்ரியாவில் கிடைத்த கிராஸ்பி கேரட் ரோமத் தலைக்கவசம் செப்புக் கலவை என்பதால் இந்தச் சட்டத்துக்குள் வராமல், ஏலத்தில் தனியார் கைக்குப் போனது. 2023இல் விதியை விரித்தார்கள்: 200 ஆண்டுக்கு மேற்பட்டு, அசாதாரண முக்கியத்துவம் கொண்டதாக இருந்தால், எந்த உலோகமானாலும் புதையல்தான்.

ஊரில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ஆற்றங்கரை மேட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. பானை ஓடு சிதறிக் கிடக்கும் மேடு எதுவும் பழகுவதற்கான இடமல்ல.

வயலுக்குத் தனியே போகத் தயாரா என்று எங்கள் சங்கத்தில் புதியவர் யாராவது கேட்டால், இதுவரை என்ன கண்டெடுத்தார் என்று நான் பார்ப்பதில்லை. ஆழத்தில் பெரிய சிக்னல் ஒன்று கேட்கிறது, மேலே இரண்டு வெள்ளிக்காசு வந்துவிட்டது, பொழுது சாய்கிறது. அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். "குழியை மூடிவிட்டுப் போன் செய்வேன்" என்று யோசிக்காமல் சொல்கிறவர் போகலாம். மற்றவர்களுக்கு இன்னும் ஒரு கோடை காய்ந்த மணல்தான்.